பேச்சுக்கு எந்த ஊர் அளவுகோல்?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், வடகோடியில் இருக்கிறது நுனாவிக். இனுயிட் மக்கள் வாழும் பனிப்பிரதேசம். 1980-களில் அங்கே குழந்தைகள் மொழி கற்கும் விதத்தை ஆராயப் போனார் மார்த்தா கிராகோ என்ற பேச்சு மொழி நிபுணர். அங்கே ஒரு சிறுவன் அவரை அசத்திவிட்டான். வயதை மீறிய பேச்சு, ஓயாத பேச்சு. உள்ளூர் இனுயிட் ஆசிரியை ஒருவரிடம் கிராகோ அவனைப் புகழ்ந்து சொன்னார். ஆசிரியையோ கவலைப்பட்டார். அவனுக்குக் கற்றல் குறைபாடு ஏதும் இருக்குமோ என்று கேட்டார். புத்தி கொஞ்சம் மட்டான சில பிள்ளைகளுக்குப் பேச்சை எங்கே நிறுத்துவது என்று தெரியாது என்பது அவர் சொன்ன விளக்கம்.

ஒரே பையன், ஒரே பேச்சு. ஒருவர் கண்ணுக்கு அவன் சூட்டிகை, இன்னொருவர் கண்ணுக்கு அவன் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவன். இனுயிட் வீடுகளில் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தும் கேட்டும் கற்றுக்கொள்வார்கள். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் வாய் ஓயாமல் பேசுவது அங்கே வளர்ச்சியின் அடையாளம் இல்லை. உடைந்த எலும்பு மைசூரிலும் மாண்ட்ரியலிலும் எக்ஸ்ரேயில் ஒரே மாதிரிதான் தெரியும். பேச்சுக்கு அப்படி ஓர் எக்ஸ்ரே கிடையாது. குறை இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய, அந்த ஊரில் அந்த வயதுப் பிள்ளை எப்படிப் பேசும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பீச் தெரபி என்ற தொழிலின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

இந்தத் தொழிலுக்கு வயது நூறுதான். 1924-இல் வியன்னாவில் எமில் ஃப்ரோஷெல்ஸ் என்ற மருத்துவர் இதற்கான சர்வதேசச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த வருடம் அமெரிக்காவில் ஒரு சங்கம் வந்தது. இன்று இரண்டு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களோடு உலகத்திலேயே பெரிய சங்கம் அதுதான். பிரிட்டனில் 1945. அங்கே முன்னோடிகளில் ஒருவரான லயனல் லோக் மருத்துவமே படிக்காதவர். ஆஸ்திரேலியாவில் மேடைப்பேச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். முதல் உலகப் போரில் அதிர்ச்சியடைந்து பேச்சுத் தடுமாறிய சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுத்தார், பிறகு லண்டன் போய் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் திக்குவாய்க்குப் பயிற்சி கொடுத்தார்.

யார் வீட்டுத் திண்ணையில் இந்தத் தொழில் வளர்ந்தது என்பதைப் பொறுத்து அதன் குணமும் மாறிவிட்டது. ஜெர்மனியில் இது மருத்துவத்தின் ஒரு கிளை. டாக்டர் சீட்டு எழுதினால்தான் இன்சூரன்ஸ் பணம் தரும். ரஷ்யாவில் இந்தத் தொழில் செய்பவரை லோகோபெட் என்பார்கள், அவர் அடிப்படையில் ஆசிரியர். பாலர் பள்ளியிலேயே அவருக்கு ஓர் அறை இருக்கும். பிரான்சில் ஐந்து வருடப் படிப்பு, அங்கே கணக்கு வராத பிள்ளையையும் இவரிடம்தான் அனுப்புவார்கள். ஜப்பானில் 1997-இல்தான் இதற்கென்று சட்டமே வந்தது. இந்தியாவில் காதும் பேச்சும் ஒரே பட்டத்துக்குள் அடங்கிவிட்டன. மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு மற்றும் செவிப்புல நிறுவனத்தின் பெயரிலேயே இரண்டும் இருக்கின்றன. பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற அந்தப் பட்டம் படித்தவர் காலையில் காது பரிசோதனை செய்வார், மதியம் பேச்சுப் பயிற்சி கொடுப்பார். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால் தமிழ்நாட்டில் முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடுகிறோமே, அந்தப் பழக்கம் இந்த அமைப்போடு பொருந்திப் போகிறது. அதனால் ஒரு நன்மையும் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

அளவுகோல் தப்பினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா கோர்ட்டுக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டது. 1970-இல் கலிஃபோர்னியாவில் டயானா வழக்கு என்று ஒன்று வந்தது. மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் ஒன்பது பேரை மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று தனி வகுப்பில் போட்டிருந்தார்கள். சோதனை நடந்தது ஆங்கிலத்தில். பிள்ளைகள் வீட்டில் பேசியது ஸ்பானிஷ். ஸ்பானிஷில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோருக்கு ஒரு குறையும் இல்லை. 1977-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினப் பிள்ளைகளின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அந்தப் பிள்ளைகள் பேசியதும் ஆங்கிலம்தான், ஆனால் கறுப்பினத்தவரின் வீட்டு ஆங்கிலம். சொல்லின் கடைசியில் 'த்' வர வேண்டிய இடத்தில் 'ஃப்' வரும், சில வினைச்சொற்கள் விடுபடும். இதையெல்லாம் பள்ளி குறைபாடாக எடுத்துக்கொண்டது. 1979-இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். வீட்டு மொழியைக் கணக்கில் எடுக்காதது பள்ளியின் தவறு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று உத்தரவிட்டார். 1983-இல் அமெரிக்க பேச்சுச் சிகிச்சைச் சங்கமே, ஆங்கிலத்தின் எந்த வட்டார வழக்கும் நோய் அல்ல என்று எழுத்தில் அறிவித்தது.

தமிழுக்கு வந்தால் இது எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்று புரியும். நாலு வயதுப் பிள்ளையிடம் ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்கிறார் தெரபிஸ்ட். படத்தில் மரம். பிள்ளை 'மரம்' என்று உதட்டை மூடி முடிக்காது. தமிழ்நாட்டில் பேச்சில் யாருமே அப்படி முடிப்பதில்லை. கடைசி மகரம் கரைந்து மூக்கொலியாகிவிடும். 'அவன்' என்பதன் னகரத்துக்கும் அதே கதி. ஆங்கிலச் சோதனைத்தாளை வைத்துப் பார்த்தால் இது 'கடைசி மெய்யை விழுங்குகிறது' என்ற கட்டத்தில் போய் விழும். அடுத்த படம் பால். பிள்ளை 'பாலு' என்கிறது. கண்ணைக் காட்டினால் 'கண்ணு'. தேவையில்லாத உயிர் சேர்க்கிறது என்று இன்னொரு கட்டத்தில் டிக் விழும். அதே ஆங்கிலத்தாளில் 'பிக்' என்று இரண்டு சொற்கள் இருக்கும், ஒன்று பன்றி, ஒன்று பெரியது. முதல் பகரத்தை எப்படிச் சொல்கிறது என்பதுதான் அங்கே சோதனை. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, சொல்லின் முதலில் அந்த வேறுபாடே பொருளை மாற்றாது. இப்படிப் பார்த்தால் நம் தெருவில் முக்கால்வாசிப் பேர் நோயாளிகள்.

அப்புறம் ழகரம். மதுரைப் பக்கமும் அதற்குத் தெற்கேயும் வாழைப்பழம் 'வாளப்பளம்'. யாழ்ப்பாணத்திலும் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கும். பழைய சென்னைப் பேச்சில் அது 'வாயப்பயம்'. மேடையில் இதைக் கிண்டல் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் கிண்டல் வேறு, மருத்துவக் குறிப்பு வேறு. அம்மாவும் தாத்தாவும் பக்கத்து வீட்டுக்காரரும் 'பளம்' என்று சொல்லும் வீட்டில், பிள்ளை 'பழம்' என்று சொல்லவில்லை என்பது எதற்கும் அறிகுறி இல்லை. அதே பிள்ளை ஐந்து வயதிலும் ககரத்தைத் தகரமாக்கி, காக்காவைத் 'தாத்தா' என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது வேறு கதை, அதைப் பார்க்கத்தான் வேண்டும். ஏனென்றால் எந்த ஊர்த் தமிழிலும் அப்படி ஒரு வழக்கு இல்லை.

ஐந்து வயது என்று சும்மா சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஷரின் மெக்லியோடும் கேத்ரின் குரோவும் 2018-இல் ஒரு பெரிய தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். 31 நாடுகள், 27 மொழிகள், 26,007 குழந்தைகள். மொழி எதுவானாலும் ஐந்து வயதுக்குள் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான மெய்யொலிகள் வந்துவிடுகின்றன என்பது அதில் தெரிந்தது. எந்த ஒலி முந்தும், எது பிந்தும் என்பதில்தான் மொழிக்கு மொழி மாற்றம். இதே மெக்லியோட் குழுவினர் 2012-இல் ஒரு சின்னக் கேள்வித்தாள் செய்திருந்தார்கள். மொத்தம் ஏழே கேள்விகள். உங்கள் பிள்ளை பேசுவது உங்களுக்குப் புரிகிறதா, வீட்டாருக்கு, உறவினர்களுக்கு, நண்பர்களுக்கு, தெரிந்தவர்களுக்கு, ஆசிரியர்களுக்கு, முன்பின் தெரியாதவர்களுக்குப் புரிகிறதா? ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று பெற்றோர் மதிப்பெண் போட வேண்டும். ஒலியை எண்ணாமல் புரிதலைக் கேட்பதால் இது மொழி தாண்டி நடக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போய்விட்டது. என்னைக் கேட்டால், கனமான சோதனைப் பெட்டிகளை மொழிபெயர்ப்பதைவிட இது புத்திசாலித்தனமான வழி.

சோதனை ஒரு பக்கம், சிகிச்சைக்குள்ளும் ஊர் வழக்கம் ஒளிந்திருக்கிறது. மேற்கில் பிரபலமான முறை ஒன்று உண்டு: பிள்ளையைவிடப் பெற்றோருக்குத்தான் பயிற்சி. 1970-களில் மாண்ட்ரியலில் தொடங்கிய ஹானன் திட்டம் இதில் பெயர் பெற்றது. பிள்ளையின் முகத்துக்கு நேராக உட்காருங்கள், அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள், பேசிவிட்டுக் காத்திருங்கள், 'சொல்லு சொல்லு' என்று நச்சரிக்காதீர்கள். நல்ல யோசனைகள்தான், பலருக்குப் பலன் கொடுத்தவையும்கூட. ஆனால் 1994-இல் ஆன் வான் க்ளீக் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கேள்வி எழுப்பினார். அம்மாவும் பிள்ளையும் சமமாக உட்கார்ந்து உரையாடுவதுதான் இயல்பு என்று யார் சொன்னது? அது அமெரிக்க நடுத்தர வர்க்கத்து வீட்டின் வழக்கம் அல்லவா?

அவருக்குப் பத்து வருடம் முன்பே பாம்பி ஷீஃபெலின், எலினார் ஆக்ஸ் என்ற இரு மானிடவியலாளர்கள் பப்புவா நியூ கினியின் கலுலி மக்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். கலுலித் தாய் கைக்குழந்தையைத் தன் முகத்துக்கு நேராக வைத்துக் கொஞ்சுவதில்லை. வெளிப்பக்கம் பார்த்தபடி பிடித்துக்கொண்டு, குழந்தை பேசுவதுபோல இவளே குரலை உயர்த்தி மற்றவர்களுக்குப் பதில் சொல்வாள். குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்து, 'இப்படிச் சொல்லு' என்று ஏவுவாள். கலுலிப் பிள்ளைகளும் நன்றாகத்தான் பேச வந்தார்கள்.

இதைப் படிக்கும் தமிழருக்கு எங்கேயோ கேட்டது போல இருக்கும். இடுப்பில் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் குழந்தை. எதிரே வந்தவர் "சாப்டியா செல்லம்?" என்று கேட்டால், "சாப்டேன் தாத்தா, இட்லி சாப்டேன்னு சொல்லு" என்று அம்மா எடுத்துக்கொடுக்கிறாள். மாமாவுக்கு வணக்கம் சொல்லு, அத்தைக்கு டாட்டா சொல்லு. நம் வீடுகளில் பேச்சு என்பது இருவர் உரையாடல் என்பதைவிட ஒரு கூட்டத்துக்குள் நுழையக் கற்றுக்கொள்வது. தெரபிஸ்ட் அம்மாவை மட்டும் தனியாக உட்காரவைத்து, 'தினம் அரைமணி நேரம் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடுங்கள்' என்றால் அது பல வீடுகளில் நடக்காது. அங்கே பிள்ளையோடு அதிகம் பேசுவது பாட்டியாக இருக்கலாம், எட்டு வயது அக்காவாக இருக்கலாம். பயிற்சியை அவர்கள் கையில் கொடுத்தால்தான் நடக்கும். அனுபவமுள்ள தெரபிஸ்ட்கள் இதைத்தான் செய்கிறார்கள், புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ.

புலம்பெயர்ந்த வீடுகளில் இன்னொரு தொல்லை. பிள்ளை மூன்று வயதாகியும் பேசவில்லை என்று லண்டனிலோ டொராண்டோவிலோ போய்க் காட்டினால், 'வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பம்' என்ற அறிவுரை நெடுங்காலம் சர்வ சாதாரணமாகக் கிடைத்தது. சென்னையில் ஆங்கிலப் பள்ளிகள் இன்றும் சொல்கின்றன. இதற்கு ஆதாரம் கிடையாது. கனடாவில் எலிசபெத் கே-ரெய்னிங் பேர்டும் சக ஆய்வாளர்களும் 2005-இல் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளை ஆராய்ந்தார்கள். வீட்டில் இன்னொரு மொழியும் பேசி வளர்ந்தவர்கள், ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்தவர்களைவிட ஆங்கிலத்தில் பின்தங்கியிருக்கவில்லை. மொழி கற்கவே சிரமப்படும் பிள்ளைகளுக்கே இரண்டாவது மொழி பாரமாகவில்லை. தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் பேசும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கிடைப்பதும் தட்டுத்தடுமாறிய ஆங்கிலம்தான். கூடவே பாட்டியோடு பேச்சே இல்லாமல் போகிறது. பிரிட்டனின் தொழில்முறை வழிகாட்டுதல் இப்போது தெளிவாகச் சொல்கிறது: இருமொழி என்பது கோளாறு அல்ல, பிள்ளை பேசும் எல்லா மொழிகளிலும் சோதித்துப் பாருங்கள்.

பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களிடம் இந்தப் பன்மொழிக் கணக்கு இன்னும் சிக்கலாகும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மொழி பாதிக்கப்படுகிறது. முதலில் திரும்புவது சிறுவயதில் கற்ற மொழியா, அதிகம் புழங்கிய மொழியா என்ற விவாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நடக்கிறது. புழங்கிய மொழிதான் என்று 1895-இல் பிரெஞ்சு மருத்துவர் பீத்ர் வாதிட்டார். மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ், வங்கியில் ஆங்கிலம் என்று வாழ்ந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் அவரைத் தமிழில் மட்டும் சோதித்துவிட்டுக் 'கடும் பாதிப்பு' என்று எழுதினால், வீட்டில் மனைவியிடம் அவர் சொல்லும் ஒன்றிரண்டு சௌராஷ்டிரச் சொற்கள் எந்தக் கணக்கிலும் வராது. மிஷேல் பரதி மாண்ட்ரியலிலிருந்து 1987-இல் வெளியிட்ட இருமொழிச் சோதனை இதற்காகவே செய்யப்பட்டது. ஒரே வினாக்களை மொழிபெயர்க்காமல், ஒவ்வொரு மொழிக்கும் அதன் இலக்கணத்துக்கு ஏற்ப எழுதினார்கள்.

பேச்சுச் சிகிச்சையாளரின் வேலையில் விழுங்குவதும் சேர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. பக்கவாதத்துக்குப் பிறகு தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. எந்தப் பதத்தில் உணவு கொடுக்கலாம் என்பதற்கு இப்போது ஒரு சர்வதேச அளவீடு இருக்கிறது, பூஜ்யம் முதல் ஏழு வரை. திரவத்தின் பதம் பார்க்க 10 மில்லி சிரிஞ்ச் போதும். நுனியை விரலால் அடைத்து நிரப்பி, விரலை எடுத்து, பத்து விநாடி ஒழுகவிட வேண்டும். ஒரு மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர்ப் பதம். எட்டு மில்லிக்கு மேல் மிஞ்சினால் மூன்றாம் படி. அழகான எளிய ஏற்பாடு. ஆனால் நம் வீட்டில் நோயாளிக்கு முதலில் கரைத்துக் கொடுப்பது ரசம் சாதம். மெதுவாக இருக்கிறது, சுலபமாக இறங்கும் என்று நினைக்கிறோம். திரவமும் பருக்கையும் ஒரே வாயில் வருவதால் பலவீனமான தொண்டைக்கு மிகச் சிரமமான உணவுகளில் அதுவும் ஒன்று. பருக்கையை மெல்லும்போதே ரசம் முந்தி ஓடிவிடும். கஞ்சிக்கு வேறு குணம்: சூட்டில் தளர்ந்திருக்கும், ஆறினால் கெட்டியாகும், எச்சில் பட்டால் மாவுப்பொருள் கரைந்து மறுபடி நீர்த்துவிடும். அடுப்படியில் பார்த்த பதம் வாயில் இருப்பதில்லை. விலை கூடிய தடிப்பாக்கிப் பொடி டப்பாவை எழுதிக்கொடுப்பதை விட, ராகிக் கூழை எந்தப் பதத்தில், எந்தச் சூட்டில் கொடுப்பது என்று சொல்லித்தருபவர்தான் இங்கே தேவை.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 'ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வழக்கம்' என்பது சோம்பலுக்குச் சாக்காகிவிடக் கூடாது. ஆண் பிள்ளை லேட்டாகத்தான் பேசும், அவன் அப்பாவே மூன்று வயதில்தான் வாய் திறந்தான் என்று வீட்டில் சொல்வார்கள். நாக்கில் வசம்பு தேய்ப்பார்கள். ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரருக்குத் திருச்செந்தூரில் வாய் திறந்தது என்ற வரலாறு நமக்குத் தெரியும். சீர்காழி பக்கத்தில் திருக்கோலக்காவில் ஓசை கொடுத்த நாயகியிடம் பேசாத பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இன்றும் உண்டு. போகட்டும், அதில் கெடுதல் இல்லை. காத்திருப்பதில்தான் கெடுதல்.

எவ்வளவு கெடுதல் என்பதற்கு இலங்கையிலிருந்து ஒரு சாட்சி உண்டு. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் மைக்கேல் மார்ஸ் 1980-களில் காலி நகர்ப் பகுதியில் அண்ணப் பிளவுக்கான, அதாவது வாயின் மேற்கூரை பிளந்தபடி பிறக்கும் குறைக்கான, திட்டம் ஒன்றைத் தொடங்கினார். பதின்ம வயது வரை அறுவைச் சிகிச்சையே கிடைக்காதவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களின் பேச்சை டெபி செல், பமேலா கிரன்வெல் இருவரும் ஆராய்ந்து 1990-இல் எழுதினார்கள். ஓட்டையை அடைத்த பிறகும் பெரும்பாலோரின் பேச்சு தேறவில்லை. காரணம் எளிது. அண்ணம் பிளந்திருந்தால் ப, ட, க போன்ற ஒலிகளுக்கு வாயில் காற்று தேங்காது, மூக்கு வழியாகப் போய்விடும். பிள்ளை சமாளிக்கிறது: காற்று கைநழுவும் முன்பே தொண்டையில் அடைத்து வெடிக்கவைக்கிறது. பத்துப் பதினைந்து வருடம் அப்படிப் பேசியவருக்கு அதுதான் பேச்சு. கத்தியால் அந்தப் பழக்கத்தை வெட்ட முடியாது. இது சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றுதான்.

பழக்கத்தை மாற்ற ஆள் வேண்டும், அந்த மொழி பேசும் ஆள் வேண்டும். இலங்கையில் களனிப் பல்கலைக்கழகம் ராகமையில் பயிற்சி தொடங்கியது 1990-களின் பிற்பகுதியில்தான்; வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் பேசும் சிகிச்சையாளர்களுக்கு இன்னும் தட்டுப்பாடு. உகாண்டாவில் மக்கரேரே பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் 1930-களிலேயே படிப்பு வந்துவிட்டது, ஆனால் படித்தவர்கள் பேசியது ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும், வரிசையில் நின்றவர்கள் பேசியது ஸூலுவும் கோசாவும். படிப்பு இருந்தால் போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். தமிழ்நாட்டில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் திருவண்ணாமலை மாவட்டத்தில் வேறு வழி பார்த்தார்கள்: உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அண்ணப் பிளவுப் பிள்ளைகளின் வீட்டுக்கே அனுப்புவது.

காதும் பேச்சும் ஒரே படிப்பில் இருப்பதன் நன்மையைக் கடைசியில் சொல்வதாகச் சொன்னேன். பேசாத பிள்ளைக்கு இங்கே முதலில் காது சோதனை நடந்துவிடும், நடக்கவும் வேண்டும். கூப்பிட்டால் திரும்புகிறானே என்பது கணக்கில்லை. தாழ்ந்த சுருதி மட்டும் கேட்கும் பிள்ளையும் திரும்பும். ஒலிக்கு மூளை காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, உட்காதில் வைத்து ஒலியை நரம்புக்கு அனுப்பும் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்தோ ஆஸ்திரியாவிலிருந்தோ வரும் அந்தக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று வீட்டில் தினமும் பார்க்க ஆறு ஒலிகள் உண்டு: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். டேனியல் லிங் என்பவர் வகுத்தது. அம்மா பிள்ளைக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், கேட்டதும் பிள்ளை ஒரு மணியை டப்பாவில் போட வேண்டும். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை பேச்சின் எல்லையை இந்த ஆறும் தொட்டுவிடும் என்பது கணக்கு. கடைசி இரண்டும் தமிழுக்கு இரவல் ஒலிகள். பல அம்மாக்கள் வாயில் இரண்டும் ஒரே மாதிரி வரும். அங்கே தெரபிஸ்ட் முதலில் அம்மாவுக்குத்தான் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கும்.